குறைவாகத் தின்று விரைவாக வளரும் பன்றி: மரபியல் தெரிவும் சிசிலியின் கறுப்புப் பன்றியும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் பழைய பகுதியை ஊடறுத்துச் செல்லும் வியா மக்வேதா என்ற நெடுந்தெரு, 1600ஆம் ஆண்டளவில் சிசிலியை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதியான மக்வேதா பிரபுவின் பெயரைத் தாங்கியது. 1806ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பலெர்மோ பல்கலைக்கழகத்தின் பழைய தலைமைக் கட்டடம் இத்தெருவிலேயே இருக்கிறது. சற்று நடந்தால் பல்லாரோ சந்தை வந்துவிடும். 1980களிலிருந்து இலங்கையை விட்டு வந்து இந்நகரில் குடியேறிய தமிழர்களுக்கு நன்கு பழக்கப்பட்ட சுற்றாடல் இது.

இந்தப் பகுதியில் பதப்படுத்திய இறைச்சி விற்கும் கடைகளில் பன்றித் தொடையும் உலர்த்திய சாசேஜும் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. ஒன்று வெளிர் சிவப்பு நிறம் கொண்டது, கொழுப்புக் குறைந்தது, விலையும் குறைந்தது. மற்றது கருஞ்சிவப்பாக, கொழுப்பு ஊடுருவியதாக, பல மடங்கு விலை கூடியதாக இருக்கும். முன்னையது பெரும் பண்ணைகளில் வளர்க்கப்படும் வெள்ளைப் பன்றியிலிருந்து வருவது. பின்னையது, சிசிலித் தீவின் வடகிழக்கிலுள்ள நெப்ரொதி மலைக் காடுகளில் மேயும் கறுப்புப் பன்றியிலிருந்து வருவது.

இவ்விரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாட்டின் பின்னால், நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு மரபியல் முயற்சியின் வரலாறு இருக்கிறது. குறைந்த தீவனத்தில் அதிக இறைச்சி தரும் பன்றியை உருவாக்குவது என்பதே அம்முயற்சி. அது உலகின் உணவு உற்பத்தியை மாற்றியிருக்கிறது. அதன் விளைவுகள் சில எதிர்பாராதவை.

தீவனம் என்ற பெருஞ்செலவு

பன்றி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை தீவனத்துக்கே போகிறது. 2022இல் உக்ரைனில் போர் தொடங்கியபோது மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றின் விலை உயர்ந்து ஐரோப்பியப் பன்றிப் பண்ணையாளர்கள் பெரும் நெருக்கடிக்கு உள்ளானது இதனால்தான்.

ஒரு கிலோ எடை கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் தேவைப்படுகிறது என்பதே இத்துறையின் அடிப்படை அளவுகோல். அந்த எண் மூன்றிலிருந்து இரண்டரையாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ எடை கூட வேண்டிய ஒரு பன்றிக்கு 240 கிலோவுக்குப் பதிலாக 200 கிலோ தீவனம் போதும். ஆயிரம் பன்றிகள் உள்ள பண்ணையில் ஒரு சுற்றுக்கு 40 தொன் மிச்சமாகிறது. தின்பது குறைந்தால் கழிவும் குறையும். நிலத்தடி நீரில் கலக்கும் நைதரசனும் பொஸ்பரசும் குறையும். பிரேசிலிலிருந்து கப்பலேறி வரும் சோயாவின் தேவையும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே இந்த முயற்சியை வெறும் இலாப ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதனை முதன்முதலில் முறையாக அளக்கத் தொடங்கிய நாடு டென்மார்க். பிரித்தானியச் சந்தைக்குப் பதப்படுத்திய பன்றி இறைச்சியை அனுப்பிவந்த அந்நாடு, 1907ஆம் ஆண்டிலேயே சோதனை நிலையங்களை ஏற்படுத்தியது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் சிலவற்றைப் பண்ணையாளர்கள் அங்கு அனுப்புவார்கள். எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே வகைத் தீவனம் கொடுத்து, எவ்வளவு தின்றன, எவ்வளவு வளர்ந்தன என்று குறித்துக்கொள்வார்கள். நல்ல பலன் காட்டிய குட்டிகளின் பெற்றோரே அடுத்த தலைமுறைக்குத் தெரிவாகும். மரபணு என்பது எதனால் ஆனது என்று எவருக்கும் தெரியாத காலத்தில், பேரேடும் தராசும் மட்டுமே கருவிகளாக இருந்தன.

1980களின் பிற்பகுதியிலிருந்து மின்னணுத் தீவனத் தொட்டிகள் வந்தன. காதில் மாட்டிய அடையாளச் சில்லைக் கொண்டு, கூட்டமாக வாழும் பன்றிகளில் எது எப்போது வந்து எத்தனை கிராம் தின்றது என்பதைக் கணினி பதிவுசெய்யும். தனித்தனிக் கூண்டில் அடைத்து அளக்க வேண்டிய தேவை இல்லாமற்போனது.

திறனா, வெறும் நீரா?

இங்கு ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. தசையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். கொழுப்பில் நீர் மிகக் குறைவு. ஒரு கிராம் கொழுப்பைச் சேர்த்துவைக்க, ஒரு கிராம் புரதத்தைக் காட்டிலும் அதிகமான சக்தி தேவை. ஆகவே ஒரு பன்றி கொழுப்பு வைக்காமல் தசையை மட்டும் வளர்த்தால், அதன் தீவனக் கணக்கு தானாகவே அழகாகத் தெரியும். அதன் குடலோ ஈரலோ திறமையாக வேலை செய்வதாக அதற்குப் பொருள் இல்லை. நீரைச் சேர்த்து எடை கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு ஐரோப்பாவில் எட்டப்பட்ட தீவனத் திறன் முன்னேற்றத்தில் பெரும்பகுதி இவ்வாறு கொழுப்பைக் குறைத்ததால் வந்ததே. மருத்துவர்கள் கொழுப்பைத் தவிர்க்கச் சொன்ன காலம் அது. வாங்குவோரும் அதையே விரும்பினர்.

அந்த ஓட்டத்தில் ஒரு விபரீதமும் நிகழ்ந்தது. பெல்ஜியத்தின் பியேத்ரேன் போன்ற தசை மிகுந்த இனங்களில், சிறிய அதிர்ச்சிக்குக்கூட உடல் விறைத்து, சூடேறி இறந்துபோகும் பன்றிகள் பெருகின. லொறியில் ஏற்றும்போதே பல மடிந்தன. எஞ்சியவற்றின் இறைச்சியும் வெளிறி, நீர் வடிந்து, பதப்படுத்த உதவாததாக இருந்தது. ஹாலோதேன் என்ற மயக்க வாயுவை முகரச் செய்தால் இத்தகைய பன்றிகள் விறைத்துப்போகும் என்பது 1970களில் கண்டறியப்பட்டது. தசைக் கலத்தில் கல்சியம் செல்லும் வாயிலை ஆளும் ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒற்றை எழுத்து மாற்றமே காரணம் என்று 1991இல் கனடாவின் டொரண்டோ ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். அதே மாற்றம் கொழுப்பற்ற தசையையும் தந்தது. அதனால் தசைக்காகத் தெரிவு செய்தவர்கள், தம்மை அறியாமலே நோயையும் சேர்த்துத் தெரிவு செய்திருந்தார்கள். இரத்தச் சோதனையில் அதனை இனங்காண வழி கிடைத்த பிறகே பல நாடுகள் தம் மந்தைகளிலிருந்து அதனை நீக்கின.

எஞ்சிய தீவனம் என்ற கணக்கு

கொழுப்பைக் குறைக்காமலே திறனை மட்டும் கூட்ட முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள், 1963இல் அமெரிக்க மாட்டின ஆய்வாளர் ராபர்ட் கோக்கும் அவரது சகாக்களும் முன்வைத்த ஒரு கணக்கை எடுத்துக்கொண்டனர். ஒரு விலங்கின் எடை, அதன் வளர்ச்சி வேகம், அதன் முதுகுக் கொழுப்பு ஆகியவற்றை வைத்து, அது எவ்வளவு தின்றிருக்க வேண்டும் என்று முதலில் கணிப்பது. உண்மையில் தின்றதிலிருந்து அதனைக் கழிப்பது. கணிப்பைவிடக் குறைவாகத் தின்றிருந்தால் அதுவே உண்மையான சிக்கனப் பன்றி.

இந்த முறையில் இரண்டு நீண்டகாலப் பரிசோதனைகள் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கின. பிரான்ஸின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் லார்ஜ் வைட் இனத்திலும், அமெரிக்காவின் அயோவா அரசுப் பல்கலைக்கழகம் யார்க்‌ஷயர் இனத்திலும் இரண்டு இரண்டு வழிகளைப் பிரித்து வளர்த்தன. ஒரு வழியில் சிக்கனமானவை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விடப்பட்டன. மறு வழியில் தின்னிப் பன்றிகள். சில தலைமுறைகளிலேயே இரு வழிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்தது. பிறப்போடு வரும் பண்பு இதில் கணிசமாக உண்டு என்பது உறுதியானது.

சிக்கனப் பன்றிகள் தீவனத் தொட்டியில் குறைந்த நேரமே செலவிட்டன. அவற்றின் நடமாட்டமும் குறைவு. ஓடியாடாததால் மிச்சப்பட்ட சக்தி எடையாகச் சேர்ந்தது. அதாவது, திறனுள்ள பன்றி என்று ஏட்டில் எழுதப்படுவதன் ஒரு பகுதி, சோம்பலான பன்றி என்பதே.

இத்தகைய பன்றிகள் நோயைத் தாங்குமா என்ற ஐயம் நெடுங்காலமாக உண்டு. ஒரு விலங்கின் சக்தி முழுவதையும் வளர்ச்சிக்குத் திருப்பிவிட்டால், நோயெதிர்ப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் மிஞ்சுவது குறையும் என்பது அந்த வாதம். 1998இல் வெண்டி ரவ் முதலானோர் வெளியிட்ட ஒரு மீளாய்வு, கோழி, பன்றி, மாடு எல்லாவற்றிலும் இத்தகைய பக்கவிளைவுகளைத் தொகுத்துக் காட்டியது. ஆயினும் அயோவாவின் சிக்கன வழிப் பன்றிகளுக்கு ஒரு வைரஸ் நோயைச் செலுத்திப் பார்த்தபோது, அவை எதிர்பார்த்ததைப் போல அதிகம் பாதிக்கப்படவில்லை. பால் கொடுக்கும் தாய்ப்பன்றிகளிடமோ வேறுபாடு தெரிந்தது. சிக்கன வழித் தாய்கள் குறைவாகத் தின்று, தம் உடற்சதையைக் கரைத்தே குட்டிகளுக்குப் பாலூட்டின. எளிய சூத்திரம் ஒன்றும் இங்கு செல்லுபடியாகவில்லை.

2009இல் ஒரே சில்லில் பன்றியின் 60,000க்கும் மேற்பட்ட மரபணுக் குறிகளைப் படிக்கும் வசதி வந்தது. 2012இல் பன்றியின் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியானது. குட்டி தின்னத் தொடங்குவதற்கு முன்பே, அதன் காது மடலில் எடுத்த சிறு துணுக்கிலிருந்து அது எத்தகைய தின்னியாகும் என்று ஊகிக்க முடிகிறது. இந்த ஊகத்தை விற்கும் தொழில் உலகெங்கும் ஒரு சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அவை விற்பது கலப்பினம் என்பதால், பண்ணையாளர் தம் மந்தையிலேயே அதனைத் தொடர்ந்து பெருக்கிக்கொள்ள முடியாது. மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும்.

பார்மாவின் உப்பறை

இத்தாலி இந்தப் போட்டியில் வேறு பாதையில் சென்ற நாடு. பார்மா, சான் தானியேலே போன்ற ஊர்களின் பெயரால் விற்கப்படும் உலர் தொடைக்கு ஏறத்தாழ 160 கிலோ எடையும், குறைந்தது ஒன்பது மாத வயதும் கொண்ட பன்றி தேவைப்பட்டது. மற்ற நாடுகளில் 110 கிலோவை எட்டி ஆறு மாதத்திலேயே பன்றி வெட்டப்படும்போது, இத்தாலியப் பண்ணையாளர் மேலும் பல வாரங்கள் தீவனம் போட்டார். அந்தக் கடைசி வாரங்களில்தான் பன்றி கொழுப்பு வைக்கிறது. அப்போதுதான் தீவனக் கணக்கும் மிக மோசமாகிறது.

ஆயினும் அந்தக் கொழுப்புக்கு வேலை இருந்தது. தொடையை உப்பில் இட்டு மாதக்கணக்கில் உலர்த்தும்போது, மேலுள்ள கொழுப்புப் போர்வைதான் நீர் மிதமாக வெளியேற இடம் தருகிறது. கொழுப்பற்ற தொடை உப்பை அளவுக்கு மீறி உறிஞ்சி, எடையை இழந்து, வறண்டுபோகும். பண்ணையில் மிச்சப்படுத்திய தீவனம் உப்பறையில் நீராக வடிந்துவிடும் என்று சொல்லலாம். இதனால் இத்தாலியப் பன்றி வளர்ப்போர் தேசியச் சங்கம், தன் தெரிவுத் திட்டத்தில் வளர்ச்சி வேகத்தோடும் தீவனத் திறனோடும், முதல் உப்பிடலில் தொடை இழக்கும் எடையையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்திருந்தது. பன்றியின் மரபியலை உப்பறையிலிருந்து திரும்பிப் பார்த்தவர்கள் இவர்கள்.

ஆனால் தீவன விலையின் நெருக்குதல் அங்கும் நுழைந்தது. விரைவாக வளர்ந்து, குறைவாகத் தின்று, கொழுப்பும் குறைந்திருக்கும் டேனிஷ் டியூரொக் ஆண் பன்றிகளின் விந்து, பார்மா தொடைக்கான பண்ணைகளில் விதிகளுக்கு மாறாகப் பயன்படுத்தப்பட்டது என்று விசாரணைகள் தொடங்கின. 2017, 2018 ஆண்டுகளில் இந்த விவகாரம் இத்தாலியச் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. லட்சக்கணக்கான தொடைகள் முடக்கப்பட்டன. பல தொடைகளிலிருந்து சான்று முத்திரை அகற்றப்பட்டது. பன்றி ஆரோக்கியமானது, இறைச்சியும் உண்ணத்தக்கதே. குற்றச்சாட்டு மரபுவழி பற்றியது மட்டும்தான். ஒரு தந்தைப் பன்றி எந்த நாட்டு மந்தையைச் சேர்ந்தது என்பதற்காக நீதிமன்றம் வரை போன அபூர்வமான வழக்குகள் இவை.

நெப்ரொதிக் காட்டின் கணக்கு

சிசிலியின் கறுப்புப் பன்றி இந்தப் பேரேடுகள் எவற்றிலும் இடம்பெறாதது. மெசினா மாகாணத்து மலைகளில், ஓக், பீச் மரக் காடுகளில் திரிந்து, உதிர்ந்த கொட்டைகளையும் கிழங்குகளையும் தோண்டித் தின்று வளர்கிறது. காட்டில் உணவு குறையும் பருவத்தில் பார்லியும் அவரையும் போடுவார்கள். வெட்டும் எடைக்கு வர ஓராண்டுக்கும் மேல் ஆகும். குட்டிகளின் எண்ணிக்கையும் குறைவு. இருபதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பன்றிகள் பரவியபோது இந்த இனம் அருகிப்போய், இன்று எஞ்சியுள்ளவை சில ஆயிரங்களே. நெப்ரொதிப் பகுதி 1993இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மெதுவுணவு இயக்கமான ஸ்லோ ஃபூட், தான் காக்க முனையும் உணவுகளின் வரிசையில் இந்தப் பன்றியையும் சேர்த்தது.

வரலாற்றில் ஒரு திருப்பத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதிக் கறுப்புப் பன்றிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, அங்குள்ள இனங்களை மேம்படுத்தினார் எசெக்ஸ் நிலவுடைமையாளர் வெஸ்டர்ன் பிரபு. சீனத்துப் பன்றிகளும் அதே காலத்தை ஒட்டி அங்கு கலக்கப்பட்டன. இன்று ஐரோப்பிய வெள்ளைப் பன்றிகளின் தசையைக் கூட்டும் ஒரு மரபணு வடிவம், ஐஜிஎஃப் 2 எனப்படுவது, ஆசியப் பன்றிகளிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்று 2003இல் சுவீடன், பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினர். அந்தக் கலப்பு இனங்களின் வழிவந்தவையே பின்னர் ஐரோப்பாவின் தென்பகுதிக்குத் திரும்பி வந்து, உள்ளூர்க் கறுப்புப் பன்றிகளை ஓரங்கட்டின.

கறுப்புப் பன்றியையும் தெரிவு செய்து அதன் தீவனத் திறனைக் கூட்டலாமே என்று கேட்கலாம். முதல் தடை அளவீடு. காட்டில் திரியும் பன்றி எவ்வளவு தின்றது என்று எந்தத் தொட்டியாலும் எழுதிவைக்க முடியாது. அளக்க முடியாததைத் தெரிவு செய்யவும் முடியாது. கொட்டடியில் அடைத்து அளந்தால், அங்கு சிறந்து விளங்குவது நடமாட்டம் குறைந்த பன்றியாகவே இருக்கும்; மலைச்சரிவில் உணவு தேடிப் பத்து மணி நேரம் அலைய வேண்டிய விலங்குக்கு அந்தக் குணம் உதவாது. சில ஆயிரம் விலங்குகளே உள்ள இனத்தில் கடுமையாகத் தெரிவு செய்தால் நெருங்கிய உறவுக் கலப்பும் மிகுந்துவிடும். இன்னொரு குறுக்குவழி, வெள்ளைப் பன்றியோடு கலப்பது. இரண்டு மூன்று தலைமுறையில் பலன் தெரியும். அத்தோடு இனமும் மறைந்துவிடும்.

காட்டுப்பாக்கத்தில் வேறொரு கேள்வி

தமிழ்நாட்டில் இதே பிரச்சினை வேறு வடிவில் இருக்கிறது. அங்கு பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் வெண்பன்றி எனப்படும் யார்க்‌ஷயர் இனம். பலர் அதற்குப் போடுவது உணவகங்களிலும் விடுதிகளிலும் மிஞ்சும் சோறும் குழம்பும் காய்கறிக் கழிவும். சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையம், முக்கால் பங்கு வெண்பன்றியும் கால் பங்கு நாட்டுப்பன்றியும் கலந்த ஒரு வழியை உருவாக்கி, அதற்குத் தனுவாஸ் கேபிஎம் கோல்டு என்று பெயரிட்டது. அந்தக் கால் பங்கு நாட்டுப்பன்றியை வைத்துக்கொண்டது, வெயிலையும் உள்ளூர்த் தீவனத்தையும் தாங்கும் குணத்துக்காக.

டென்மார்க்கின் சோதனை நிலையத்தில் ஒரே வகைத் தீவனம் தின்று முதலிடம் பெற்ற பன்றி, உணவக மிச்சத்தில் முதலிடம் பெறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நாளுக்கு நாள் மாறும் அந்தத் தீவனத்தில் எவ்வளவு புரதம், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நீர் என்பதைக் கணக்கிடுவதும் கடினம். இந்தியாவில் பன்றிகளின் எண்ணிக்கை 2012இல் ஒரு கோடியே மூன்று லட்சமாக இருந்து, 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சமாகக் குறைந்தது. இலவசமாகக் கிடைக்கும் கழிவை இறைச்சியாக மாற்றும் ஒரு விலங்குக்குத் தீவனத் திறன் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கழிவை வண்டியில் ஏற்றிவரும் செலவு ஏறிக்கொண்டிருப்பதால் அந்தக் கேள்வியின் வலு குறைந்துவருகிறது.

வேலி வந்தால்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2022 ஜனவரியில் இத்தாலிய நிலப்பரப்பின் வடமேற்கில் காட்டுப்பன்றிகளிடம் கண்டறியப்பட்டது. 2023இல் அது தெற்கே கலாப்ரியாவின் ரெஜ்ஜோ பகுதியிலும் தென்பட்டது. மெசினா நீரிணைக்கு அக்கரையில் இருப்பது அந்தப் பகுதிதான். நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் இடைவெளி சுமார் மூன்று கிலோமீற்றர். மனிதரைத் தாக்காத இந்த நோய்க்குப் பன்றிகளிடம் சிகிச்சை இல்லை. நோய் கண்ட பண்ணையில் எல்லா விலங்குகளையும் கொன்றுவிடுவதே நடைமுறை.

திறந்தவெளியில் பன்றி வளர்ப்போர், காட்டுப்பன்றிகள் நெருங்காதபடி வேலியிட வேண்டும் என்று இத்தாலிய விதிகள் கோருகின்றன. மலைச்சரிவில் வேலி போடுவது ஒரு சிறு பண்ணையாளருக்குச் சுமக்க முடியாத செலவு. அதனைச் சுமந்து போட்டாலும், வேலிக்குள் இருக்கும் ஓக் மரங்களின் கொட்டை மந்தைக்குப் போதாது. மிச்சத்தை மூட்டையில் வாங்கித்தான் போட வேண்டும். அப்போது நெப்ரொதியின் கறுப்புப் பன்றிக்கும் ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கை எழுத ஒருவர் பேரேட்டோடு வந்து நிற்பார். அந்தக் கணக்கில் அது பார்மாவின் பன்றியைவிடவும், டென்மார்க்கின் பன்றியைவிட இன்னும் வெகுவாகவும் பின்தங்கியே இருக்கும். வியா மக்வேதாவின் கடைகளில் அதற்கு இப்போது எழுதப்படும் விலை, அந்த இடைவெளியை எத்தனை பேர் தொடர்ந்து தம் பணத்தால் நிரப்பத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.